குழியை மூடினால் மட்டும் வயல் திரும்பிவிடுமா?

இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நமது நிதியத்திடம் உதவி கேட்டு விண்ணப்பித்திருந்தார். கணவர் மௌத்தாகிவிட்டார். அரை ஏக்கர் வயல் இருந்தும் மூன்று போகமாக அறுவடை இல்லை. விசாரித்தபோது, மாணிக்கம் தோண்டக் காணியைக் கொடுத்ததாகவும், தோண்டியவர்கள் குழியை மூடித்தான் தந்ததாகவும், ஆனாலும் நெல் வரவில்லை என்றும் சொன்னார். நேரில் போய்ப் பார்த்தோம். குழி மூடப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் மேலே பரவிக் கிடந்தது சரளையும் மணலும். நெல் விளைந்த கறுத்த மண் முழுவதும் குழியின் அடிக்குப் போயிருந்தது.

இந்தத் தொழிலில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். பேருவளை சீனக்கோட்டையில் கல் வாங்கி விற்பவர்களும், குழிக்கு முதல் போடுகிறவர்களும், காணி கொடுக்கிறவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

மாணிக்கம் கிடைப்பது 'இல்லம' எனப்படும் சரளைப் படுக்கையில். சில இடங்களில் அது ஓரிரு மீற்றர் ஆழத்திலேயே இருக்கும். சில இடங்களில் பத்து மீற்றருக்கும் கீழே போக வேண்டும். அதை எட்டுவதற்குள் மேல்மண், களி, மணல் என்று படை படையாக வெளியே வரும். முதலில் வந்தது முதலில் ஓரத்தில் கொட்டப்படுகிறது. அதன் மேல் களி, அதற்கும் மேல் மணல். திருப்பித் தள்ளும்போது எது எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. காணி தலைகீழாகிவிடுகிறது.

பயிருக்கு வேண்டிய சத்தில் பெரும்பகுதி மேலே உள்ள ஒரு சாண் மண்ணில்தான் இருக்கிறது. மண்புழு, நுண்ணுயிர், புல் விதை எல்லாம் அங்கேதான். எனவே காணியைத் திருத்தும் வேலை குழி மூடும் நாளில் தொடங்குவதில்லை. முதல் மண்வெட்டி விழும் நாளில் தொடங்குகிறது. அந்த ஒரு சாண் மண்ணை வழித்தெடுத்துத் தனியாக, மழை நீர் அடித்துச் செல்லாத மேட்டில் வைக்க வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் குவிக்கக் கூடாது. குவித்தால் உள்ளே காற்றின்றி மண் செத்துவிடும். மேலே புல்லோ அவரை இனக் கொடியோ படர விட்டால் கரையாது. மழை மிகுதியாகப் பெய்யும் பகுதி அது. மூடாமல் விட்ட மண் குவியல் ஒரு மழைக் காலத்தைத் தாங்காது.

மூடும்போது சரளை அடியில், பிறகு மணல், பிறகு களி, கடைசியில் மேல்மண். வயலானால் களிப் படையை நன்றாக மிதித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டிய நீர் நிற்காது. குழிச் சுவர் இடிந்து விழாமலிருக்க அடித்த மரங்களையும், இடையில் அடைத்த கெக்கில்ல இலைகளையும் மண் நிரம்ப நிரம்ப எடுத்துக்கொண்டே வர வேண்டும். சிரமம் பார்த்து உள்ளேயே விட்டால் அவை உக்கி, உள்ளே வெற்றிடம் விழும். மாடு மேயும்போதோ பிள்ளை ஓடும்போதோ நிலம் திடீரென்று இறங்கும். எப்படி இறுக்கினாலும் மண் கொஞ்சம் அமரும் என்பதால் சுற்று நிலத்தை விட உயர்த்தியே நிரப்ப வேண்டும்.

கல் கழுவிய கலங்கல் நீரை நேரே ஓடையில் விடுவது இன்னொரு கெடுதல். அந்த வண்டல் ஓடையை மேடாக்குகிறது. களு கங்கையின் வெள்ளம் 2003இலும் 2017இலும் என்ன செய்தது என்று அந்தப் பகுதி மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெள்ளத்துக்குக் காரணம் பெருமழைதான். ஆனாலும் தூர்ந்த ஓடை அதைத் தாங்காது. கழுவும் நீரை ஒரு சிறு குட்டையில் தேக்கித் தெளிந்த பின் விட்டால், அந்த வண்டலே திரும்ப நிரப்பவும் உதவும்.

மூடாமல் விட்ட குழியைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு எலஹெரவில் மாணிக்கம் தோண்டப் போனவர்கள் மலேரியாக் காய்ச்சலோடு வீடு திரும்பியது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நோயைப் பரப்பும் நுளம்பு மட்டும் இன்னும் இங்கேதான் இருக்கிறது. தேங்கிய குழி அதற்கு வசதி. சேற்றிலும் தேங்கிய நீரிலும் வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் ஆபத்து வேறு உண்டு. காய்ச்சல் கண்டால் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். அதற்கு முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள்.

இனிப் பணம். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போது ஒரு வைப்புப் பணம் வாங்குகிறது. குழியை மூடிக் காட்டினால் அது திரும்பக் கிடைக்கும். கல் கிடைக்காமல் கடன்பட்டவருக்கு ஆள் வைத்து மூடுவதை விட அந்தப் பணத்தைக் கைவிடுவது இலேசாகத் தோன்றலாம். நல்ல கல் கிடைத்தவரும் அடுத்த குழிக்கு அவசரப்படுகிறார். ஆகவே நாம் சொல்வது இதுதான்: முதல் போடுகிறவர்கள், பங்கு பிரிப்பதற்கு முன் கழிக்கும் செலவுகளில் மூடும் செலவையும் சேர்த்து, அந்தத் தொகையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். காணிக்காரர்கள் ஒப்பந்தத்தில் 'குழி மூடித் தரப்படும்' என்று மட்டும் எழுதிக் கையொப்பமிடாதீர்கள். மேல்மண் தனியாக வைக்கப்பட்டுக் கடைசியில் மேலே போடப்படும் என்று எழுதச் சொல்லுங்கள். அந்தச் சகோதரியின் ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி இருக்கவில்லை.

அவருடைய வயலில் இனிச் செய்யக்கூடியது கொஞ்சம்தான், அதுவும் மெதுவாக. மேலே கிடந்த சரளையை வழித்தெடுத்தோம். பக்கத்து ஓடை வண்டலும் மாட்டெருவும் வைக்கோலும் போட்டாயிற்று. இந்தப் போகம் நெல் வேண்டாம், தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுங்கள் என்று சொல்லியிருக்கிறோம். ஓடைக் கரை சரியாமலிருக்க வெட்டிவேரும் மூங்கிலும் வைத்தோம். வரம்பில் கிளிரிசீடியா தடிகள் இருபது ஊன்றினோம். அதன் இலை நல்ல பசளை, வெட்ட வெட்டத் துளிர்க்கும். சென்ற வாரம் போனபோது பதின்மூன்று துளிர்த்திருந்தன. அடுத்த போகம் வரை அந்தக் குடும்பத்தின் அரிசிச் செலவை நிதியம் ஏற்றிருக்கிறது.