நேபாளம்: நடந்து பார்க்க வேண்டிய நாடு

இலங்கையிலிருந்து நேபாளத்துக்குப் போகிறவர் தமது கைக்கடிகாரத்தைப் பதினைந்து நிமிடங்கள் முன்னால் நகர்த்தினால் போதும். சார்க் நாட்டவர் என்பதால், ஒரு வருடத்தில் முதல் தடவை செல்லும்போது 30 நாட்களுக்கு வீசாக் கட்டணமும் கிடையாது. அவ்வளவு அருகில் இருக்கும் நாடு. ஆனாலும் எமது வீடுகளில் அதன் பெயரை எடுத்தாலே, "அது மலை ஏறுகிறவர்கள் போகும் இடம், பொம்பிளைப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. நானாமார் கூட்டாளிகளுடன் நக்கிள்ஸ் மலைக்குப் போய் வருவார்கள். தங்கைமார் அந்தப் படங்களைத் தொலைபேசியில் பார்ப்பார்கள். பெண்பிள்ளையைத் தனியே அனுப்புங்கள் என்று சொல்வதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. உம்மா, வாப்பா, பிள்ளைகள் எல்லோருமாகச் சேர்ந்து போகக்கூடிய நாடு அது. அங்கே எதைப் பார்க்கலாம், எதற்கு உண்மையில் பயப்பட வேண்டும் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

முதலில் உயரத்தைப் பற்றிய பயத்தை எடுத்துக்கொள்வோம். உலகில் 8,000 மீற்றருக்கு மேற்பட்ட சிகரங்கள் 14 உள்ளன. அவற்றில் 8 நேபாளத்தினுள்ளோ அதன் எல்லையிலோ நிற்கின்றன. நேபாள மக்கள் சகர்மாதா என்று அழைக்கும் எவரெஸ்டின் உயரம் 8,848.86 மீற்றர் என நேபாளமும் சீனாவும் 2020 டிசம்பரில் கூட்டாக அறிவித்தன. இந்த எண்களே எம் மனதில் நிற்பதால், நாடு முழுவதும் பனிக்குள் கிடப்பதாக நினைத்துக்கொள்கிறோம். தெற்கே தராய் என்ற சமவெளி இருக்கிறது. அங்கே கடல்மட்டத்திலிருந்து 100 மீற்றர் கூட உயராத வயல்களில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. சித்வான் காட்டில் ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகம் மேய்கிறது. தலைநகர் காத்மண்டு சுமார் 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எமது நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர்! காத்மண்டுவில் இறங்குகிறவர் நுவரெலியாவை விடத் தாழ்ந்த ஓர் ஊரிலேயே இறங்குகிறார்.

எனவே நேபாளத்துக்குப் போகும் குடும்பம் சிகரத்தில் ஏற வேண்டியதில்லை. நடந்தால் போதும். இந்த நாட்டில் சாகசம் ஒரு பக்கம், பண்பாடு மறுபக்கம் என்று பிரித்து வைக்க முடியாது. மலைநடைக்குப் பயன்படும் பாதைகள் உல்லாசப் பயணிகளுக்காக வெட்டப்பட்டவை அல்ல. அவை ஊருக்கு ஊர் மக்கள் நடந்து தேய்த்த பாதைகள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், கோவேறு கழுதைகள் அரிசி மூட்டையுடன் மணி ஒலிக்க ஏறுவதும் அதே கற்படிகளில்தான்.

முதன்முறை போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது எவரெஸ்ட் பக்கத்தை அல்ல; பொக்காரா நகரிலிருந்து தொடங்கும் கோரேபானி, கந்துருக் வழியை. நான்கு அல்லது ஐந்து நாள் நடை. உல்லேரி என்ற ஊருக்கு ஏறும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கற்படிகள்தான் அதில் கடினமானவை. பாவாதமலையின் படிகளை ஏறி முடித்த உம்மாமார் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு உல்லேரி புதிதாக இராது. முடியாதவர்களுக்கு இப்போது உல்லேரி வரை ஜீப் ஓடுகிறது. இரவு தங்கும் கோரேபானி 2,900 மீற்றருக்குள் இருக்கிறது. அதாவது எமது பீதுருதாலகாலையை விடச் சில நூறு மீற்றர் மட்டுமே அதிகம். அங்கிருந்து விடியுமுன் கைவிளக்குடன் ஒரு மணித்தியாலம் அளவு ஏறினால் பூன்ஹில் என்ற 3,210 மீற்றர் மேடு. பஜ்ர் தொழுதுவிட்டு அங்கே நிற்கிறவருக்கு எதிரே தௌலாகிரி 8,167 மீற்றரிலும் அன்னபூர்ணா 8,091 மீற்றரிலும் சிவந்து எழுவது தெரியும். மீன்வால் வடிவிலான மச்சபுச்சரே 6,993 மீற்றர்தான். ஆனால் அதைப் புனிதமாகக் கருதும் மக்களுக்காக அதில் ஏறுவதற்கு அனுமதி வழங்கப்படுவதில்லை. ஒரு மலையை ஏறாமல் விட்டுவைப்பதும் ஒரு நாகரிகம் என்றே எனக்குப் படுகிறது.

கோரேபானி என்ற பெயரின் பொருள் 'குதிரைத் தண்ணீர்'. அந்த வழியாகப் போன வணிகர்கள் தம் விலங்குகளுக்குத் தண்ணீர் காட்டிய இடம் அது. திபெத்திலிருந்து உப்பும் கம்பளியும் இறங்கின. கீழிருந்து அரிசியும் பிற தானியங்களும் ஏறின. கடலே இல்லாத நாட்டில் உப்பு மலைமேலிருந்து வந்தது என்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இமயம் ஒருகாலத்தில் கடலடியில் கிடந்த மண். இந்தியத் தட்டு ஆசியாவுடன் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதத் தொடங்கியபோது இடையிலிருந்த டெதிஸ் கடலின் படிவுகள் மடிந்து மேலெழுந்தன. எவரெஸ்டின் உச்சியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் கடல் உயிர்களின் எச்சங்கள் உண்டு. காளிகண்டகி ஆற்றங்கரையில் சுருள் வடிவிலான கடல் உயிரினத்தின் கல்லுருக்களை இன்றும் காணலாம். புவியியல் பாடத்தில் நாம் மனனம் செய்யும் தட்டு நகர்வு, அங்கே உள்ளங்கையில் வைத்துப் பார்க்கக்கூடிய ஒரு கல்.

வழியில் லாலிகுராஸ் என்ற செம்மலர் மரங்கள் காடாக நிற்கும். நேபாளத்தின் தேசிய மலர் அது. மார்ச், ஏப்ரலில் மலைச்சரிவுகள் சிவந்துபோகும். இதே இனத்தின் இலங்கை வகையே ஹோர்ட்டன் சமவெளியில் பூக்கும் மரம். சிங்களத்தில் அதனை மஹா ரத்மல் என்பர். எமது பாடசாலை விடுமுறைகளை வைத்துப் பார்த்தால் ஏப்ரல் மிகப் பொருத்தம். டிசம்பரில் குளிர் கடுமை, வானம் தெளிவு. ஓகஸ்ட் வேண்டவே வேண்டாம்: மழைக்காலம், மண்சரிவு, போதாததற்கு அட்டைக் கடி.

இனி, உண்மையில் பயப்பட வேண்டியதற்கு வருவோம். ஏறத்தாழ 2,500 மீற்றருக்கு மேல் காற்றழுத்தம் குறைவதால் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனும் குறைகிறது. 5,364 மீற்றரிலுள்ள எவரெஸ்ட் அடிவார முகாமில் அது கடற்கரையில் கிடைப்பதில் பாதியளவே. உடல் இதற்குப் பழகும், ஆனால் நாட்கள் வேண்டும். அவசரப்பட்டு ஏறுகிறவருக்குத் தலையிடி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை என்று தொடங்கும். அதையும் மறைத்துக்கொண்டு ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிரே போகலாம். இளம் வயதும் விளையாட்டுப் பழக்கமும் இதிலிருந்து காப்பாற்றா. உண்மையில் வலிமையுள்ள இளைஞர்களே வேகமாக ஏறி அகப்பட்டுக்கொள்கிறார்கள். 3,000 மீற்றரைத் தாண்டிய பின் தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வு எடுக்க வேண்டும். அறிகுறி தெரிந்தால் ஏறுவதை நிறுத்த வேண்டும். கூடினால் இரவானாலும் இறங்க வேண்டும். இறங்குவதே முதல் மருந்து. பிள்ளை "தலை வலிக்குது" என்று சொல்ல வெட்கப்படாத குடும்பமே மலைக்குப் போகத் தகுதியான குடும்பம். கோரேபானி வழியை நான் முதலில் சொன்னதும் இதற்காகவே. அங்கே தூங்கும் உயரம் 3,000 மீற்றரைத் தாண்டுவதில்லை. எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போய்வரப் பன்னிரண்டு நாட்களாவது வேண்டும். அதற்கான விமானம் இறங்கும் லுக்லா ஓடுபாதை 527 மீற்றர் நீளமே உடையது. ஒரு முனையில் மலை, மறுமுனையில் பள்ளம். அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

2023 ஏப்ரல் முதல் பெரும்பாலான மலைநடைப் பாதைகளில் வெளிநாட்டவர் வழிகாட்டி ஒருவருடனேயே செல்ல வேண்டும் என்று விதி வந்துள்ளது. பெற்றோருக்கு இது நல்ல செய்தி. பொக்காராவில் பயிற்சி பெற்ற பெண் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகளுடன் போகும் குடும்பம் முன்கூட்டியே கேட்டு ஒழுங்கு செய்யலாம். ஹெலிகொப்டர் மீட்பையும் உள்ளடக்கிய காப்புறுதி எடுக்காமல் எவரும் உயர்ந்த பாதைகளுக்குப் போகக் கூடாது.

சுமைகாரர்களைப் பற்றியும் ஒரு சொல். மூங்கில் கூடையை நெற்றிப் பட்டியில் மாட்டி முதுகில் தாங்கி அவர்கள் ஏறுவார்கள். கூடைக்கு டோகோ என்றும் பட்டிக்கு நாம்லோ என்றும் பெயர். ஒருவருக்கு 30 கிலோவுக்கு மேல் கொடுப்பது அநியாயம். அவருக்கும் குளிருடையும் காப்புறுதியும் உண்டா என்று கேட்பது எம் பொறுப்பு. கடைத்தெருவில் சால்வைக்கு விலை பேசுங்கள். இவர்களின் கூலிக்குப் பேச வேண்டாம். 'ஷெர்ப்பா' என்பது சுமை தூக்குவோரின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஓர் இனத்தின் பெயர். 1953 மே 29இல் எட்மண்ட் ஹிலாரியுடன் எவரெஸ்ட் உச்சியில் நின்ற டென்சிங் நோர்கேயை ஷெர்ப்பா என்ற அடைமொழியுடன் உலகம் அறிந்தது. 2014 ஏப்ரல் 18இல் கும்பு பனியருவிப் பகுதியில் நேர்ந்த பனிச்சரிவில், மற்றவர்கள் ஏறுவதற்காக வழி அமைத்துக்கொண்டும் சுமை ஏற்றிக்கொண்டும் இருந்த 16 நேபாளத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்விக்கு இரண்டு பெயர்களைச் சொல்லலாம். எவரெஸ்டின் உச்சியை அடைந்த முதல் நேபாளப் பெண் பாசாங் லாமு ஷெர்ப்பா. 1993 ஏப்ரல் 22இல் ஏறினார். இறங்கும் வழியில் உயிர் நீத்தார். மற்றவர் எம் நாட்டவர். 2016 மே 21இல் உச்சியை அடைந்த ஜயந்தி குரு உதும்பால, எவரெஸ்டில் ஏறிய முதல் இலங்கைப் பெண் மட்டுமல்ல. முதல் இலங்கையரே அவர்தான்.

உணவும் தொழுகையும் எமக்கு முக்கியம். மலைப்பாதைத் தங்குமிடங்களில் தால் பாத் எனப்படும் சோறு, பருப்பு, மரக்கறி எப்போதும் கிடைக்கும். கேட்கக் கேட்கப் போடுவார்கள். மலையில் மரக்கறியோடு நிறுத்திக்கொள்வது மார்க்கத்துக்கும் வயிற்றுக்கும் பாதுகாப்பு. மோமோ என்ற கொழுக்கட்டை போன்ற பண்டத்தின் உள்ளே பெரும்பாலும் எருமை இறைச்சி இருக்கும். ஹலாலா என்று கேட்காமல் உண்ண வேண்டாம். பசு அந்நாட்டின் தேசிய விலங்கு, அதனை அறுப்பது சட்டப்படி குற்றம். கிப்லா ஏறத்தாழ நேர் மேற்கு. கொழும்பில் நாம் மேற்கிலிருந்து சுமார் 25 பாகை வடக்கே திரும்பித் தொழுவதை அங்கே மறந்துவிட வேண்டும்.

நேபாள மக்களில் சுமார் 5 வீதத்தினர் முஸ்லிம்கள். பெரும்பாலானோர் தராய்ச் சமவெளியில் வாழ்கிறார்கள். காத்மண்டுவில் முதலில் குடியேறியவர்கள் காஷ்மீர வணிகர்கள். லாசாவுக்கும் காஷ்மீருக்கும் இடையே வணிகம் செய்த இவர்கள், மல்ல மன்னன் ரத்ன மல்லனின் காலத்தில், ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன், இங்கே இடம் பெற்றார்கள். மலைக்கிராமங்களில் வளையல் விற்று வாழ்ந்த சுரௌட்டே என்ற முஸ்லிம் சமூகமும் உண்டு.

காத்மண்டு என்ற பெயர் காஷ்டமண்டப் என்ற மரமண்டபத்திலிருந்து வந்தது. மண்டபம் என்ற சொல்லை நாம் உடனே இனங்கண்டுகொள்வோம். 2015 ஏப்ரல் 25இல் நேர்ந்த 7.8 அளவிலான பூமியதிர்ச்சியில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள், அம்மண்டபமும் இடிந்தது. நேவார் கைவினைஞர்கள் பழைய முறையிலேயே அதை மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். பக்தபூரில் 1702இல் கட்டப்பட்ட ஐந்தடுக்கு நியாதபோலா கோயில் 1934, 2015 ஆகிய இரண்டு பேரதிர்ச்சிகளையும் தாங்கி நிற்கிறது. வழிபாட்டுக்காக அல்ல, மரச்செதுக்கலைக் காண்பதற்காகவே அந்தச் சதுக்கங்களில் ஒரு முழு நாள் செலவிடலாம்.

நகரின் நடுவே மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அருகில் ஜாமிஆ பள்ளிவாசலும் காஷ்மீரி தகியா பள்ளிவாசலும் இருக்கின்றன. சுற்றிலும் ஹலால் உணவுக்கடைகள். ஜாமிஆ பள்ளிவாசல் வளவில் ஒரு கப்று இருக்கிறது. அவத் நாட்டின் பேகம் ஹஸ்ரத் மஹலுடையது. 1856இல் ஆங்கிலக் கம்பனி அவத்தைப் பிடுங்கிக் கணவரைக் கல்கத்தாவுக்கு அனுப்பியபோது அவர் லக்னோவிலேயே தங்கினார். 1857 எழுச்சியில் இளவயது மகனை அரியணையில் இருத்தி ஆட்சியை நடத்தினார். விக்டோரியா மகாராணியின் பிரகடனத்துக்கு எதிர்ப் பிரகடனம் வெளியிட்டார். தோல்விக்குப் பின் எல்லை தாண்டி நேபாளத்தில் அடைக்கலம் புகுந்து, 1879இல் காத்மண்டுவிலேயே காலமானார். உல்லாசப் பயணிகளின் பட்டியல்களில் அந்த இடம் அநேகமாக இருப்பதில்லை. லுஹர் தொழுகைக்குப் போகும்போது பள்ளிவாசலில் கேட்டால் வழி காட்டுவார்கள்.