எரிஞ்சு விழும் நர்சு... கல் மனசா? களைச்சுப் போன மனசா?

விழுப்புரம்:

ஆஸ்பத்திரி அவசர சிகிச்சை பிரிவுக்கு போய் வந்தவர்கள் பலரும் சொல்லும் புகார் ஒன்று உண்டு. "அந்த நர்சம்மா மூஞ்சி கொடுத்துக்கூட பேசல. கல் மனசு" என்பதுதான் அது.

ஆனால் கல் மனசு என்று நாம் நினைப்பது பல நேரங்களில் ஒருவித களைப்பு. அடுத்தவர் வலியை தினமும் பார்த்து, இரக்கப்பட்டு இரக்கப்பட்டே மனசு மரத்துப் போவது. இதற்கு 'இரக்கச் சோர்வு' என்று பெயர். 1992-ம் ஆண்டு அமெரிக்க நர்சிங் பத்திரிகை ஒன்றில் கார்லா ஜாய்ன்சன் என்பவர், அவசர சிகிச்சை நர்சுகளைப் பற்றி எழுதும்போது இந்த வார்த்தையை பயன்படுத்தினார்.

அழக்கூட நேரமில்லை

2022-ம் ஆண்டில் மட்டும் தமிழகத்தில் 64 ஆயிரத்து 105 சாலை விபத்துகள் நடந்தன. 17 ஆயிரத்து 884 பேர் பலியானார்கள். விபத்தில் சிக்கி 108 ஆம்புலன்சில் வருபவரின் ரத்தத்தை துடைப்பது, ஊசி ஏற்றுவது, பிரஷர் பார்ப்பது எல்லாம் நர்சுகள்தான்.

ஒரு பெட்டில் 20 வயசு வாலிபர் உயிர் விடுவார். தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு அலறுவார். திரையை இழுத்து மூடிவிட்டு நர்சு அடுத்த பெட்டுக்கு ஓட வேண்டும். அங்கே விஷம் குடித்தவர் துடித்துக் கொண்டிருப்பார். முதல் சாவுக்கு வர வேண்டிய அழுகை உள்ளேயே தங்கி விடும். இப்படி வருஷக்கணக்கில் சேர்ந்தால் மனசு தாங்குமா?

அறிகுறிகள் என்ன?

* படுத்தால் தூக்கம் வராது. வார்டில் பார்த்த காட்சி கண் முன்னே வரும்.

* வீட்டில் சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகள் மேல் எரிச்சல் வரும்.

* டூட்டி நேரம் நெருங்கினாலே நெஞ்சு படபடக்கும்.

* கடைசியில் யார் செத்தாலும் ஒன்றுமே தோன்றாது.

வேலைப்பளுவால் வரும் அலுப்பு மெல்ல மெல்ல வரும். இரக்கச் சோர்வு திடீரென்றும் தாக்கும். நோயாளியிடம் ரொம்ப பாசமாக இருப்பவரையும் இது விடாது. கவனம் சிதறினால் மருந்து கொடுப்பதில்கூட தவறு நேரலாம். அதனால் இது நர்சுகளின் பிரச்சினை மட்டும் அல்ல, நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது.

தீர்வு உண்டா?

உண்டு. மோசமான சாவு நடந்த ஷிப்டு முடிந்ததும் சக நர்சுகளோடு 10 நிமிஷம் உட்கார்ந்து மனசு விட்டு பேசினாலே பாரம் குறையும். வருஷக்கணக்கில் ஒரே வார்டில் போடாமல் மாற்றி மாற்றி டூட்டி போடுவது, போதிய ஆட்களை நியமிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் பேசலாம். 2022-ம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய இந்த சேவை, நர்சுகளுக்கும் பொதுமக்களுக்கும் பொதுவானது.

நம்ம பங்கு

அவசர பிரிவில் முதலில் வந்தவருக்கு முதல் சிகிச்சை கிடையாது. உயிருக்கு ஆபத்தானவர் சிவப்பு, அடுத்த நிலை மஞ்சள், லேசான காயம் பச்சை என்று பிரித்துத்தான் பார்ப்பார்கள். இது தெரியாமல் சண்டை போடுபவர்கள்தான் அதிகம். ஆஸ்பத்திரி ஊழியர்களை தாக்கினால் தண்டிக்க 2008-ம் ஆண்டிலேயே தமிழகத்தில் தனிச்சட்டம் வந்துவிட்டது.

நோயாளியோடு ஒருத்தர் மட்டும் உள்ளே போங்கள். என்ன நடந்தது என்பதை சுருக்கமாக சொல்லுங்கள். கிளம்பும்போது "நன்றி சிஸ்டர்" என்று ஒரு வார்த்தை சொன்னால், அதற்கு செலவு எதுவும் இல்லை.