லிண்டலோடு நின்ற வீடு

தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சுவர் லிண்டல் மட்டம் வரை எழும்பி நிற்கும், உள்ளே எருக்கு முளைத்திருக்கும். பக்கத்திலேயே கீற்றுக் கொட்டகையில் குடும்பம். கேட்டால், "பணம் இன்னும் ஏறல" என்பார்கள்.

பணம் எப்படி ஏறும் என்பதை, அரசுத் திட்டத்தில் வீடு கிடைத்த நாளில் யாரும் அவர்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். 2016-ல் இந்திரா குடியிருப்புத் திட்டத்தின் இடத்துக்கு வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில், சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய். அதில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம். கான்கிரீட் கூரைக்கென்று தமிழ்நாடு அரசு தனியாக 1.20 லட்சம் சேர்க்கிறது. 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் மாநில அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம், கழிப்பறைக்கான தொகையும் வேலை உறுதித் திட்டக் கூலியும் அதற்குள்ளேயே அடக்கம்.

இந்தத் திட்டங்களில் பெரும்பாலும் வேலை முன்னால், பணம் பின்னால். அஸ்திவாரம் முடிந்து, ஓவர்சியர் வந்து அளந்து, படம் எடுத்து ஏற்றினால்தான் தவணை வரும். அப்படியானால் முதல் செங்கல்லுக்குக் காசு? அந்த இடைவெளியில்தான் வட்டிக்காரர் வருகிறார். அவருக்கு முன்பே கான்டிராக்டர் வந்துவிடுவதும் உண்டு. "பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடுங்க, சாவியோட வந்து நிக்கிறேன்."

கொடுக்காதீர்கள். பிரதமர் திட்ட விதிப்படி பயனாளியே கட்ட வேண்டும், ஒப்பந்தக்காரருக்கு அங்கே இடமில்லை. கொத்தனாரைக் கூலிக்கு வைத்துக்கொள்வது வேறு. கான்டிராக்டர் பாதியில் கம்பி நீட்டினாலும், தவணை உங்கள் கணக்கில் ஏறியதாகத்தான் பதிவில் இருக்கும். நோட்டீஸும் உங்கள் பெயருக்கே வரும்.

இன்னொரு சிக்கல் அளவு. பிரதமர் திட்டத்தில் குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. கனவு இல்லத்தில் 360 சதுர அடி. "ஆயுசுக்கு ஒரு தடவைதானே கட்டுறோம்" என்று 600 சதுர அடிக்கு வானம் தோண்டிவிடுகிறார்கள். குறை சொல்ல மனம் வரவில்லை. தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை 360 சதுர அடியில் எப்படிப் படுப்பார்கள்? ஆனால் அரசு தரும் தொகை ஒரு ரூபாய்கூட ஏறாது. கூடுதல் அளவுக்குக் கையில் காசு இல்லையென்றால் லிண்டலில்தான் நிற்கும்.

பயனாளிப் பட்டியலைக் கிராம சபையில் வைத்தாக வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட கிராம சபை நாள்களில் போய் உட்காருங்கள். மாடி வீட்டுக்காரர் பெயர் இருந்தாலும், குடிசையில் இருப்பவர் விடுபட்டிருந்தாலும் அங்கேயே எழுந்து சொல்லலாம். சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒதுக்கீட்டில் மனைவியின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

படம் ஏற்ற, பில் போட என்று யாராவது காசு கேட்டால்? ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால், 7 நாளுக்குள் காவல்துறையிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ சொல்லிவிட்டால் சட்டம் உங்களை விட்டுவிடும். கொடுப்பதற்கு முன்பே போய்ச் சொல்வது இன்னும் நல்லது.

தவணையை இழுத்தடித்தால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அடுத்து திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணும் உண்டு. அதற்கும் அசையவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மூன்று விஷயம் கேளுங்கள்: ஓவர்சியர் அளந்ததைப் பதிந்த அளவுப் புத்தகத்தின் நகல், ஒவ்வொரு படமும் ஏறிய தேதி, தவணை போன வங்கிக் கணக்கு எண். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை உங்கள் பாஸ்புக்கோடு வைத்துப் பாருங்கள்.