தடை உத்தரவே இல்லாத தடை

2015 ஜனவரி 12. நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ நடந்தது. ஒரு பக்கம் எழுத்தாளர் பெருமாள்முருகன். மறுபக்கம், அவருடைய ‘மாதொருபாகன்’ நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடத்தியவர்கள். நிபந்தனையின்றி வருத்தம் தெரிவிப்பதாகவும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதப்பட்ட தாளில் அவர் கையெழுத்துப் போட்டார். எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அதன்பின் முகநூலில் அறிவித்தார்.

அந்த நாவல் வெளிவந்தது 2010இல். அதை அரசு தடை செய்யவில்லை, எந்த நீதிமன்றமும் தடை விதிக்கவில்லை. ஆனாலும் ஒருவரின் எழுத்து நின்றுபோனது.

பேச்சுரிமை யாரிடமிருந்து நம்மைக் காக்கிறது? அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு அடிப்படையில் அரசின் கையைக் கட்டுவது. பொது ஒழுங்கு, அவதூறு போன்று 19(2) பட்டியலிடும் காரணங்களுக்காக, அதுவும் சட்டம் இயற்றித்தான், அரசு அதைக் கட்டுப்படுத்தலாம். தனியார் இடத்தின் கணக்கு வேறு. தன் வீட்டுத் திண்ணையில் யார் பேசலாம் என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்யலாம். பிடிக்காத நாவலைப் பதிப்பகம் திருப்பி அனுப்பலாம். 2023 ஜனவரியில், கௌஷல் கிஷோர் வழக்கில், இந்த உரிமையைத் தனியாருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அமர்வில் ஐந்தில் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி நாகரத்னா அதை ஏற்கவில்லை.

நாமக்கல்லில் நடந்தது இந்த இரண்டு வகையிலும் அடங்காது. மிரட்டியது கூட்டம், மேசை போட்டுக் கொடுத்தது அரசு அலுவலகம். 2013இல், தணிக்கைக் குழு சான்றிதழ் வழங்கிய ‘விஸ்வரூபம்’ படத்துக்கும் தமிழ்நாட்டில் இதே வழிதான் காட்டப்பட்டது. ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு போட்டார்கள். பேச்சுவார்த்தையில் சில காட்சிகளின் ஒலியை நீக்க ஒப்புக்கொண்ட பிறகே படம் திரைக்கு வந்தது.

இத்தனைக்கும் சட்டம் 1989இலேயே தெளிவாகிவிட்டது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. ஆர்ப்பாட்டம் வரும், வன்முறை வெடிக்கும் என்ற மிரட்டலுக்குப் பணிந்து கருத்தை அடக்கக் கூடாது. எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றது தீர்ப்பு. வெடிமருந்தில் விழும் பொறிபோல, பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்றும் சொன்னது. பாதுகாப்பு தேவைப்படுவது பேசுகிறவருக்கு. நம் அலுவலகங்கள் அவரிடமே பேனாவை நீட்டுகின்றன. இது நிர்வாகத் திறமை அல்ல, கடமை தவறுதல்.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு பெருமாள்முருகனை மீண்டும் எழுதச் சொன்னது. எது எழுதலாம், எது கூடாது என்பதை அரசு சாராத கும்பல்கள் தீர்மானிக்க விடக்கூடாது என்றது. ஆட்சியர் அலுவலகத்தில் எழுதி வாங்கிய அந்த ஒப்பந்தம் எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றும் தீர்ப்பளித்தது. நாளை இப்படியொரு ‘அமைதி’க்கு அழைக்கப்படும் எவரும், பேனாவைத் தொடும் முன் கேட்டுப் பெற வேண்டியது இந்தத் தீர்ப்பின் நகலைத்தான்.