ஃபின் வாங்கப் போறவங்க முதல்ல பாதத்தை அளங்க

கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக் கடல் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர்தான். ஆனாலும் எங்க கரிசக்காட்டுப் பக்கம் நீச்சல் என்றால் கிணறுதான். இடுப்பில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டி மாமாவோ சித்தப்பாவோ உள்ளே தள்ளிவிடுவார்கள். தத்தளித்துப் படித்துக்கொள்வதுதான். அப்படிப் படித்த பிள்ளைகள் இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போய், லீவுக்கு அந்தமானோ புதுச்சேரியோ போய் ஸ்கூபா படித்துவிட்டு வருகிறார்கள். வந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, சொந்தமா ஃபின் வாங்கலாம்னு இருக்கேன். எந்தக் கம்பெனி நல்லது?"

நான் திருப்பிக் கேட்பது: "தம்பி, ஒங்காலு எவ்வளவு அகலம்?" பெரும்பாலும் பதில் வராது. செருப்பு நம்பரைச் சொல்வார்கள். நம்பர் நீளத்துக்குத்தான். அகலத்துக்கு அதில் இடமே இல்லை. இந்தக் குறிப்பே அதைப் பற்றியதுதான்.

முதலில் வகை. ஸ்கூபாவுக்கு இரண்டு மாதிரி ஃபின் உண்டு. ஒன்று, குதிகால் பக்கம் திறந்திருக்கும் ஓப்பன் ஹீல். உள்ளே நியோப்ரீன் பூட் போட்டு, பின்னால் வாரை இழுத்து இறுக்க வேண்டும். இன்னொன்று ஃபுல் ஃபுட். ஷூ மாதிரி முழுப் பாதமும் ரப்பர் கூட்டுக்குள் போய்விடும். பூட்டும் கிடையாது, வாரும் கிடையாது. குளிர்ந்த நீரில் பூட் இல்லாமல் கால் மரத்துப்போகும், அங்கே ஓப்பன் ஹீல்தான். அந்தமான் கடல் 27 முதல் 30 டிகிரி வரை இருக்கும். நம்ம மன்னார் வளைகுடாவும் வெதுவெதுப்புதான். இங்கே குளிருக்காகப் பூட் வேண்டியதில்லை. ஃபுல் ஃபுட் எடை குறைவு, விமானப் பைக்குள் அடங்கும், விலையும் பொதுவாகக் குறைவு. காலின் அசைவு பூட்டிலும் வாரிலும் வீணாகாமல் நேராகத் தகட்டுக்குப் போகும். படகிலிருந்து குதித்து, படகுக்கே திரும்புகிறவருக்கு ஃபுல் ஃபுட் போதும் என்பதே என் கட்சி.

காலில் தகடு கட்டி நீந்துவது நம்ம கடலோரத்துக்குப் புதுசு இல்லை. ஆனால் எல்லா முங்காளிகளும் கட்டவில்லை என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. பழைய முத்துக்குளிப்பில் ஃபின்னுக்கு வேலையே இல்லை. கனமான கல்லில் கால் வைத்து இறங்குவார்கள். கல் கீழே கொண்டுபோகும். சிப்பி பாரில் கும்பலாகக் கிடக்கும். கைக்கு எட்டியதைக் கூடையில் அள்ளிக் கயிற்றை அசைத்தால் படகில் இருப்பவர் மேலே இழுத்துவிடுவார். இறங்கவும் ஏறவும் மட்டும்தான் பயணம். குறுக்கே நீந்துவது கொஞ்சம். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததோடு அந்தக் குளிப்பு நின்றுபோனது.

சங்கு வேறு கதை. அது மணலில் சிதறிக் கிடக்கும், பாதி புதைந்திருக்கும். முங்கினவர் ஒரே மூச்சில் குறுக்கே நீந்தித் தேட வேண்டும். அதனால்தான் சங்கு குளிக்கிறவர்கள் உலோகத் தகட்டை வெட்டிக் காலில் மாட்டிக்கொண்டு முங்கும் வழக்கத்துக்கு வந்தார்கள். தூரம் போக வேண்டியவனுக்கே துடுப்பு தேவை. ஸ்கூபாக்காரனும் குறுக்கே போகிறவன்தான். கூடவே முதுகில் சிலிண்டரையும் இழுத்துக்கொண்டு போகிறவன். (1960களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் தூத்துக்குடிக்கு வெளியே கடலடியை நேரில் முங்கிப் பார்த்து எழுதிய கட்டுரை வரிசை ஒன்று உண்டு. கடலடி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் தேடிப் படிக்கலாம்.)

தகடு கட்டுவதில் சிக்கல் எப்போதும் தகட்டில் இல்லை, அதைக் காலோடு சேர்க்கிற இடத்தில்தான். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது கைக்கும் காலுக்கும் பலகை செய்து நீந்திப் பார்த்தார். கைப்பலகை வேகம் கொடுத்தது. காலில் கட்டியது அவருக்குத் திருப்தி தரவில்லை. 1933இல் பிரெஞ்சுக் கடற்படைக்காரர் லூயி த கொர்லியே ரப்பர் ஃபின்னுக்குக் காப்புரிமை வாங்கினார். 1940இல் ஓவன் சர்ச்சில் அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தார். ஆனால் பாதம் முழுக்க நுழையும் கூடு வந்தது 1950களில், இத்தாலியின் கிரெஸ்ஸி கம்பெனியில். வடிவமைத்தவர் லூயிஜி ஃபெர்ராரோ. இரண்டாம் உலகப்போரில் எதிரிக் கப்பலுக்கு அடியில் நீந்திப்போய் வெடி வைத்த மனிதர். அந்த ஃபின்னுக்கு ரோந்தினே என்று பெயர், தகைவிலான் குருவி என்று அர்த்தம். இன்றைய ஃபுல் ஃபுட் எல்லாம் அதன் பிள்ளைகள்தான்.

பிள்ளைகள் எல்லாம் ஐரோப்பியக் காலுக்குப் பிறந்த பிள்ளைகள். சிக்கல் அங்கேதான்.

சென்னை அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் நடுவில் நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேருடைய காலை அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட இந்தியர் பாதம் அகலம் என்று அதில் தெரிந்தது. அதை வைத்து 'பா' என்று இந்தியாவுக்கென்றே ஒரு செருப்பளவு முறையையும் முன்வைத்தார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. குறுகலான வெளிநாட்டு அளவுச் செருப்பில் நம்ம ஆட்கள் அகலத்துக்காகத் தேவையைவிட நீளமானதை வாங்கிப் போடுகிறார்கள் என்பது. சின்ன வயதில் வெறுங்காலோடு வெங்கச்சங்காட்டில் திரிந்த காலுக்கு விரல்கள் இன்னும் நன்றாக விரிந்திருக்கும். கரிசலில் வளர்ந்தவர்கள் குனிந்து ஒருமுறை உங்க காலையே பாருங்க.

ஷூவில் ஒரு நம்பர் கூட வாங்கினால் கயிற்றை இறுக்கிச் சமாளிக்கலாம். ஃபுல் ஃபுட் ஃபின்னில் கயிறும் இல்லை, வாரும் இல்லை. அகலத்துக்காக ஒரு அளவு பெரிது எடுத்தால் குதிகால் உள்ளே ஏறி இறங்கும். ஃபின் கழன்றுவிடுமோ என்று விரல்கள் தாமாகவே மடங்கிப் பிடித்துக்கொள்ளும். முக்கால் மணி நேரம் விரலை மடக்கிக்கொண்டே உதைத்துப் பாருங்க: முதலில் உள்ளங்கால், அப்புறம் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். பதினைந்து மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்துக்கு எதிரே நிற்கும்போது பிடித்தால் விளையாட்டு இல்லை. மூச்சு வாங்கும், காற்று சீக்கிரம் தீரும், கூட வந்தவரின் முங்கலும் அதோடு முடிந்தது. சின்னது எடுத்தாலோ சுண்டுவிரல் பக்கம் அமுங்கி, பத்து நிமிடத்தில் மரத்துவிடும். இரண்டு பக்கமும் அடி. (பிடித்துவிட்டால் என்ன செய்ய என்பவர்களுக்கு: உதைப்பதை நிறுத்துங்க, காலை நீட்டி, ஃபின் நுனியைக் கையால் பிடித்து உங்க பக்கமாக மெதுவாக இழுங்க. கெண்டைச்சதை விரிந்து விட்டுக்கொடுக்கும்.)

ஆகவே அளக்கும் வேலை. கோவில்பட்டியில் டைவிங் கடை கிடையாது, பெரும்பாலானோர் ஆன்லைனில் நம்பர் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். சாயங்காலம் அளங்க, காலையைவிடப் பாதம் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். குதிகால் சுவரில் படும்படி தாளின் மேல் எழுந்து நில்லுங்க, உட்கார்ந்து அளந்தால் கணக்கு தப்பும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வேறொருவர் சுற்றி வரையட்டும். நீளத்தையும், பெருவிரல் மூட்டுக்கும் சுண்டுவிரல் மூட்டுக்கும் நடுவே அகலத்தையும் எழுதுங்க. இரண்டு காலும் ஒன்றுபோல இருக்காது, பெரிய காலுக்கு வாங்க வேண்டும். ஐரோப்பிய நம்பர் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் மூன்றில் இரண்டு சென்டிமீட்டர்; நம்ம ஊர்க் கடைகளில் பழகிய இங்கிலாந்து நம்பரில் மூன்றில் ஒரு அங்குலம். ஃபின்னிலோ 40-41, 42-43 என்று இரண்டு நம்பரை ஒரே கூட்டில் அடைத்திருப்பார்கள். ஒரே 42-43 போட்ட இரண்டு கம்பெனிக் கூடும் அகலத்தில் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீங்க. விற்கிறவரிடம் கூட்டின் உள் அகலத்தைக் கேளுங்க. சொல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வசதி உள்ள இடத்தில் மட்டும் வாங்குங்க.

வந்ததும் காலை நனைத்துக்கொண்டு மாட்டிப் பாருங்க, காய்ந்த காலில் ரப்பர் ஒட்டும். கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கி, தகடு ஆட ஆட உதறுங்க. குதிகால் நழுவக் கூடாது. விரல்கள் படுத்திருக்க வேண்டும், மடங்கக் கூடாது. கூட்டின் முன்திறப்பு வழியாக விரல் நுனி எட்டிப் பார்ப்பது தப்பில்லை. அப்படியே பத்து நிமிடம் உட்காருங்க. வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கழற்றினதும் காலில் எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்க. புறங்காலில் லேசாக முழுக்கச் சிவந்தால் சரி. சுண்டுவிரல் மூட்டிலோ குதிகால் நரம்பிலோ ஒரே புள்ளியில் சிவந்தால், அந்த இடம் மூன்றாம் நாள் கொப்புளமாகும். உப்புத் தண்ணியில் கொப்புளம் எப்படி எரியும் என்று விளக்க வேண்டியதில்லை.

கரிசக்காட்டுக் காலுக்கு இன்னொன்றும் உண்டு, பித்தவெடிப்பு. வெடித்த குதிகாலை ரப்பர் விளிம்பு தேய்த்தே புண்ணாக்கிவிடும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நியோப்ரீன் சாக்ஸோ லைக்ரா சாக்ஸோ போட்டால் இது பாதி தீரும். அளவு இரண்டு நம்பருக்கு நடுவில் விழுகிறவர்களுக்கும் இதுவே மருந்து: பெரியதை எடுத்து சாக்ஸால் நிரப்புங்க. ஆனால் சாக்ஸைச் சேர்த்தே கூட்டை அளந்து பார்க்க வேண்டும். இன்னும் கொஞ்சம் தொளதொளப்பாக இருந்தால் ஒய் வடிவ ரப்பர் வார் ஒன்று கிடைக்கிறது. குதிகால், உள்ளங்கால், புறங்கால் மூன்றையும் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். கழன்று விழாமல் காக்கும், அவ்வளவுதான். பொருந்தாத கூட்டைப் பொருந்த வைக்காது.

தகட்டுக்கு வருவோம். விளம்பரம் எல்லாம் இதைப் பற்றித்தான், நான் கடைசியில் பார்ப்பதும் இதைத்தான். நடுத்தர நீளம், நடுத்தர விறைப்பு. மூச்சடக்கி முங்குகிறவர்களின் நீளத் தகடு சிலிண்டர் கட்டினவருக்கு இடைஞ்சல், பவளப்பாறையில் இடிக்கும். ரொம்ப விறைப்பானது பழகாத காலை ஒரு மணி நேரத்தில் சோர்த்துவிடும்.

இதில் கிணற்று நீச்சல்காரருக்கு ஒரு குறையும் ஒரு வரவும் உண்டு. குறை, முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிப்பது போல உதைக்கும் பழக்கம். ஃபின்னோடு அப்படி மிதித்தால் தகடு தண்ணியை வெட்டிக்கொண்டு போகும், தள்ளாது. இடுப்பிலிருந்து காலை நீட்டி உதைக்க வேண்டும். வரவு, தவளை நீச்சல். மணலும் சேறும் உள்ள அடித்தளத்தில் மேலும் கீழும் உதைத்தால் தூசி கிளம்பி பின்னால் வருகிறவருக்குக் கண் தெரியாது. காலை விரித்துச் சேர்க்கும் தவளை உதையில் தண்ணி பின்னால் போகும், கீழே போகாது. ஸ்கூபாவில் காசு கொடுத்துப் படிக்கிற இந்த உதை நம்ம பயல்களுக்குக் கிணற்றிலேயே பாதி வந்திருக்கும். ஆனால் தகடு ரொம்பக் குழைவாகவோ ரொம்ப நீளமாகவோ இருந்தால் இந்த உதை சரியாக வராது. நடுத்தரம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபுல் ஃபுட் வேண்டாம் என்று நான் சொல்கிற இடமும் உண்டு. கரையிலிருந்து நடந்தே இறங்க வேண்டிய இடம், காலடியில் சிப்பியோ பாறையோ முள்ளெலியோ இருக்கிற இடம். அங்கே பூட் இல்லாமல் போகாதீங்க. அப்படிப்பட்ட இடத்துக்கே அதிகம் போவீர்கள் என்றால் ஓப்பன் ஹீல் வாங்குவதுதான் புத்தி. ஒரே ஃபின்னை வீட்டில் நாலு பேர் மாற்றி மாற்றிப் போடலாம் என்ற கணக்கும் ஃபுல் ஃபுட்டில் நடக்காது. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. ஃபின் கையில் இருக்கிறது என்று அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் போய்விடாதீங்க.

வாங்கின பிறகு வைக்கிற இடம். வருஷத்தில் பத்து நாள் கடலில், மிச்ச நாள் எல்லாம் எங்க ஊர் வெயிலில். மொட்டை மாடியில் காயப்போட்டாலோ, சித்திரை மாதம் கார் டிக்கியில் விட்டாலோ ரப்பர் வெடித்துப்போகும், பிளாஸ்டிக் தகடு வளைந்துவிடும். நல்ல தண்ணியில் அலசி நிழலில் உலர்த்துங்க. சுவரில் சாத்தித் தகட்டு நுனியில் நிறுத்தாமல், படுக்கப் போடுங்க. வாங்கும்போது கூட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் அச்சு வரும், அதைக் குப்பையில் போட்டுவிடாதீங்க. குதிகால் பக்கம் சப்பிப்போகாமல் இருக்க அதைத் திரும்ப உள்ளே சொருகித்தான் பரணில் ஏற்ற வேண்டும்.