மனசுக்கான மாத்திரையை பாதியில் நிறுத்தாதீங்க



குழுக் கூட்டத்தில் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை பற்றி சத்தமாகவே பேசுகிறோம். மனச்சோர்வுக்குப் போடும் மாத்திரையை மட்டும் ஒளித்து வைக்கிறோம். "அது தூக்க மாத்திரை, பழகிட்டா விடாது" என்ற பேச்சுதான் காரணம். அல்பிரசோலம் மாதிரி, பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரைகளுக்குத்தான் அப்படிப் பழகிப்போகும் ஆபத்து உண்டு. மனச்சோர்வு மாத்திரை வேறு வகை.

இப்போது பெரும்பாலும் முதலில் தருவது ஃப்ளூவாக்சடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம். இதில் குமட்டல், தலைவலி, தூக்கம் கெடுவது வரலாம். பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் குறைந்துவிடும். தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவது நீடிக்கலாம். வெட்கப்படாம டாக்டரிடம் சொல்லுங்க, மாத்திரையை மாற்ற வழியிருக்கு. மூட்டுவலிக்கு நாமே கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் இதோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும்.

பழைய வகை அமிட்ரிப்டிலின், இமிப்ரமின். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், சட்டென எழுந்தால் தலை சுற்றும். அளவு மீறினால் இதயத்தைப் பாதித்து உயிருக்கே ஆபத்து. அதனால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். (அமிட்ரிப்டிலினை ஒற்றைத் தலைவலிக்கும் கொஞ்ச அளவில் தருவார்கள். சீட்டில் பார்த்துப் பயப்பட வேண்டாம்.) மிர்டாசபின் என்று ஒன்று உண்டு, அது பசியையும் எடையையும் கூட்டும்.

சிக்கல் எங்கே என்றால், தொந்தரவு முதல் வாரமே வந்துவிடும், பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும். "ஒண்ணும் கேக்கல"ன்னு பத்தாம் நாளே விட்டுவிடுகிறோம். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வார்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரும். டாக்டர் சொல்படி அளவைப் படிப்படியாகக் குறைத்தால் இது பெரும்பாலும் தெரியாது. கர்ப்பமானாலும் நீங்களே நிறுத்தாமல் உடனே டாக்டரிடம் கேளுங்கள்.

"எனக்குக் கேட்டுச்சு, நீயும் போடு" என்று அட்டையைக் கொடுப்பதும் வேண்டாம். கொடுக்கல் வாங்கல் குழுப் பணத்தோடு நிற்கட்டும்!

25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மாத்திரை தொடங்கினால் முதல் சில வாரம் பக்கத்தில் இருந்து கவனியுங்கள். சாகணும் என்ற நினைப்பு சிலருக்கு அப்போது கூடலாம். பேச்சில் அப்படி ஏதாவது தெரிந்தால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.