கொறங்காடு

கொறங்காடு என்பது தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியில், உழவர் குடும்பங்கள் தமது சொந்த நிலத்தில் வேலியிட்டுப் பேணிவரும் மேய்ச்சல் நிலம் ஆகும். இதனைக் கொரங்காடு என்றும் எழுதுவர். திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம், மூலனூர் பகுதிகளிலும், அவற்றை அடுத்துள்ள ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் சில பகுதிகளிலும் கொறங்காடுகள் காணப்படுகின்றன. இது ஊர்ப் பொதுவான மேய்ச்சல் புறம்போக்கு அன்று; தனியார் பட்டா நிலமாகும்.

நிலமும் மழையும்

இப்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் அளவினது. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பது. சரளை கலந்த, ஆழமற்ற மண்ணில் ஆண்டுதோறும் பயிர் செய்து பிழைப்பது கடினம். ஆகவே கிணற்றுப் பாசனம் உள்ள சிறு பகுதியில் பயிரும், எஞ்சிய மானாவாரி நிலத்தில் புல்லும் என்று நிலத்தைப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது.

அமைப்பு

கொறங்காட்டில் மூன்று தாவரங்கள் இன்றியமையாதவை: தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் முட்கிளுவை வேலி. கொழுக்கட்டைப் புல் வறட்சியில் காய்ந்தாலும், அதன் வேர் அழியாமல் அடுத்த மழைக்கு மீண்டும் தளிர்க்கும். புல்லோடு நரிப்பயறு, செப்பு நெருஞ்சி முதலியனவும் வளரும். வெள்வேலம் நிழல் தருவதுடன், புல் குறைந்த மாதங்களில் அதன் காய்கள் ஆடுகளுக்குத் தீவனமாகின்றன.

நிலம் சில ஏக்கர் கொண்ட பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனியே வேலியிடப்படும். ஒன்றில் மேய்ச்சல் நடக்கையில் மற்றவற்றில் புல் வளரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளம், கொள்ளு போன்றவற்றை விதைப்பதும் உண்டு.

உயிர்வேலி

கொறங்காட்டின் உயிர்நாடி வேலியே எனலாம். கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டு வேலி உண்டாக்குவர். அது ஆட்டுக்குட்டி நுழையாத அளவு அடர்த்தியாவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். ஆண்டுதோறும் கழித்துவிட்டு, இடைவெளி விழுந்த இடங்களில் புதுப் போத்து நட வேண்டும். நுழைவாயிலை முட்படலால் அடைப்பர். வேலி நன்றாக இருந்தால் மேய்ப்பவர் தேவையில்லை. காலையில் கால்நடைகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டுக் குடும்பத்தினர் வேறு வேலைக்குச் செல்லலாம். ஆள் வைத்துக்கொள்ள வசதியற்ற சிறு உழவரும் மாடும் ஆடும் வளர்க்க முடிந்தது இதனாலேயே. கறவை, தொட்டியில் நீர் நிரப்புதல், இளங்குட்டிகளைப் பேணுதல் ஆகியன பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் பொறுப்பு.

கால்நடைகள்

காங்கேயம் மாடு இந்நிலத்தோடு பிணைந்த இனம். கன்றுகள் செந்நிறமாகப் பிறந்து, சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் இவ்வினத்தை மேம்படுத்தியதில் முதன்மையானவர். காங்கேயம் மாடு பாலுக்காக அன்றி, உழவுக்கும் வண்டிக்கும் கவலை இறைப்பதற்குமே புகழ்பெற்றது. மாட்டுடன் எருமையும், மேச்சேரி முதலிய செம்மறி இனங்களும் வளர்க்கப்படுகின்றன. அவசரச் செலவுக்கு இரண்டு செம்மறிகளை விற்றுக்கொள்ளலாம் என்பது சிறு குடும்பத்துக்குப் பெரிய துணை. மாடுகள் விற்பனைக்குக் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாவையொட்டிய மாட்டுச் சந்தை புகழ்பெற்றது. பழையகோட்டையில் ஞாயிறுதோறும் காங்கேயம் மாடுகளுக்கான சந்தை கூடுகிறது.

இன்றைய நிலை

மின் இறைப்பியும் உழுபொறியும் வந்தபின் எருதுகளின் தேவை குறைந்தது. அதனோடு மாடுகளின் எண்ணிக்கையும் குறைந்தது. 2017 ஆம் ஆண்டின் சல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் நாட்டு மாடுகள்மீது ஆர்வம் கூடியபோதிலும், மேய்ச்சல் நிலம் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை. மாட்டைப் போற்றி, அது மேயும் காட்டை மறப்பது முரணே.

பாகப்பிரிவினை மற்றொரு சிக்கல். நான்கு துண்டுகள் கொண்ட கொறங்காடு நான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகப் பிரிந்தால், எவருக்கும் சுழற்சி மேய்ச்சல் இயலாது. ஓய்வின்றி மேயப்பட்ட துண்டில் புல் அழிந்துவிடும். சிலர் உடன்பிறந்தோரின் பங்கைக் குத்தகைக்கு எடுத்து இதனைச் சமாளிக்கின்றனர். வேறு சிலர் வீட்டுமனைகளுக்கோ காற்றாலைகளுக்கோ நிலத்தை விற்றுவிடுகின்றனர். விற்ற நிலத்தின் கிளுவை வேலியை இயந்திரம் ஒரே நாளில் அகற்றிவிடும். அருகிலுள்ள கொறங்காட்டுக்கும் ஒரு பக்கம் திறந்துவிடும்.

அண்மைக் காலத்தில் தெருநாய்த் தொல்லையும் சேர்ந்துள்ளது. காங்கேயம், வெள்ளக்கோவில் பகுதிகளில் நாய்கள் கடித்துச் செம்மறிகள் பெருமளவில் இறந்ததால், 2024, 2025 ஆண்டுகளில் உழவர்கள் இழப்பீடு கோரிப் போராட்டங்கள் நடத்தினர். ஆட்டைத் தடுக்கும் கிளுவை வேலி நாயைத் தடுப்பதில்லை. எனவே கம்பி வலை அடிக்கவோ, பட்டியருகே இரவில் காவல் இருக்கவோ வேண்டியுள்ளது.